ஒரு வாளித் தண்ணீருக்கு அளவான பிரஷ்

கடந்த சித்திரையில் ரொறன்ரோவிலிருந்து வந்த என் மச்சான், பயணப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு காலுறையை உருவி என் கையில் தந்தான். உள்ளே ஏதோ கட்டையாக உருண்டது. "அத்தான், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கிழவர் பழைய சாமான்கள் பரப்பி வைத்திருந்தார். இதைக் கண்டதும் மாமாவின் கிணற்றடி நினைவுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு டொலர்தான்" என்றான். காலுறைக்குள் இருந்தது ஒரு சவரப் பிரஷ். தேன் நிறப் பிடி. கழுத்தில் கடும்பச்சை வளையம். குஞ்சத்தில் பாதி கொட்டிப்போய், மீதி காய்ந்த வைக்கோலாக விறைத்து நின்றது. பிடியில் 'எவர்-ரெடி' என்ற பெயரும், ரப்பரில் பதித்தது, கிருமி நீக்கியது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களும் மங்கலாகத் தெரிந்தன.

அதைச் சீராக்கிப் பல மாதங்களாகக் கிழமைக்கு நான்கு நாட்கள் பயன்படுத்தி வருகிறேன். பழைய பிரஷ்களைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கி அழகு பார்ப்பவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய மகிழ்ச்சி. நான் சொல்ல வந்தது வேறு. கிணற்றில் அள்ளிய ஒரு வாளித் தண்ணீரோடு முகம் மழிக்கும் வன்னிக்காரனுக்கு, இன்று விற்கும் தடித்த பிரஷ்களைவிட இந்தப் பழைய வடிவம் எவ்வளவு பொருத்தமானது என்பதைப் பயன்படுத்திப் பார்த்தவனாக எழுதுகிறேன். முப்பத்துமூன்று ஆண்டுகள் இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதால் தண்ணீரையும் சவர்க்காரத்தையும் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன். அது இல்லாமல் இந்தக் கதை விளங்காது.

ஐயாவிடம் இருந்ததும் இதே இனத்துப் பிரஷ்தான். வட்டக்கச்சிக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் ஐயாவும் ஒருவர். கொழும்பில் புறக்கோட்டையில் வாங்கிய கறுத்தப் பிடிப் பிரஷ் ஒன்றைக் காணி வெட்ட வந்த நாளிலேயே கொண்டுவந்திருந்தார். வெள்ளைப் பன்றிமயிர்க் குஞ்சம். சைவ வீடு என்பதால், அது என்ன மயிர் என்று தெரிந்த நாள் முதல் அம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. கிணற்றடி வேம்பில் அறைந்த ஆணிதான் அதன் இடம். பிடியைச் சணல் நூலால் கட்டி, குஞ்சம் நிலத்தைப் பார்க்கத் தொங்கவிடுவார். நுரை அடிக்கும் கிண்ணம் ஒரு தேங்காய்ச் சிரட்டை. கண் இல்லாத பாதி. கண் உள்ள பாதி ஒழுகும். உள்ளே கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி வைத்திருந்தார்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு வரும் பொருட்களில் பலவற்றுக்குத் தடை வந்தது. சவர்க்காரம் கிடைப்பது அரிதானது. உடுப்புத் தோய்க்கப் பனம்பழம் பிசைந்த காலம் அது. குளித்துத் தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளை, விரல்நகம் அளவு மிஞ்சியவற்றைக்கூட, ஐயா சிரட்டையின் அடியில் அழுத்தி ஒட்டி வைப்பார். காலையில் பிரஷ்ஷை நனைத்து அதில் சுழற்றத் தொடங்கினால் முதல் அரை நிமிடம் ஒன்றுமே வராது. அவர் நிறுத்தமாட்டார். இரண்டு நிமிடத்தில் சிரட்டை நிறைய நுரை. அப்போது நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். நுரையில் பெரும்பங்கு காற்று என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். அந்தக் காற்றைச் சவர்க்காரத்துக்குள் புகுத்தும் கருவி பிரஷ் என்பதை ஐயாவின் கையைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

இன்னொன்றையும் அவர் அறியாமலே சரியாகச் செய்தார். தேநீருக்குக் கொதித்துக் கேத்திலில் மிஞ்சிய தண்ணீரைத்தான் சவரத்துக்கு எடுப்பார். இதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஐயா 2003இல் காலமானார். பிரஷ் என்னிடம் வந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போரில் இடம்பெயர்ந்து விசுவமடுவைக் கடந்தபோது ஒரு பையோடு அதுவும் போய்விட்டது. செட்டிக்குளம் முகாமில் உடுப்புச் சவர்க்காரத்தைக் கையால் தேய்த்து, ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் சவரக்கத்தியால் மழித்தோம். கழுத்துத் தோல் எரிந்து சிவந்து கிடந்தது பலருக்கு. ஊருக்குத் திரும்பியபின் கடைகளில் எல்லாம் வந்தன. தகரக் குப்பியில் அழுத்தினால் சீறி வரும் நுரையும் வந்தது. அதையும் வாங்கிப் பார்த்தேன். அந்த நுரை தோலின் மேலே மிதக்கும், மயிரின் அடியை நனைக்காது. பிரஷ் மயிரைத் தூக்கி நிறுத்தி அடிவரை ஈரம் ஏற்றும். குப்பி அதைச் செய்யாது.

ஓய்வு பெற்றபின் இணையத்தில் தேடிப் புதிய பிரஷ் ஒன்றைத் தருவித்தேன். படத்தில் மிக அழகாக இருந்தது. 28 மில்லிமீற்றர் தடிப்புள்ள செயற்கைத் தும்புக் குஞ்சம், விளாம்பழம் போலத் திரண்ட பிடி. ஆறாவது கிழமையில் குஞ்சம் முழுவதாகக் கழன்று சிரட்டைக்குள் விழுந்தது. விற்றவர்களுக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. அது கழன்றிருக்காவிட்டாலும் நான் அதைத் தொடர்ந்திருப்பேன் என்று தோன்றவில்லை. ஈரக் கையில் அந்த உருண்டைப் பிடி சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. குஞ்சம் குடித்த தண்ணீரும் சவர்க்காரமும் கொஞ்சமில்லை. முகத்தில் பூசிய நுரையைவிடக் குஞ்சத்துக்குள் தங்கிக் கழுவுப்பட்டுப் போன நுரைதான் அதிகம்.

பிறகு மகன் இத்தாலிய ஒமேகா நிறுவனத்தின் பன்றிமயிர்ப் பிரஷ் ஒன்று வாங்கித் தந்தான். அது நேர்மையான பொருள். பன்றிமயிரின் நுனி நாளடைவில் பிளந்து மென்மையாகும். முதல் மாதம் குத்திய பிரஷ் மூன்றாம் மாதம் முகத்தைத் தடவும். ஆனால் அதுவும் பெரிய குஞ்சம். மாரிகாலத்தில், கார்த்திகை மழை விடாமல் பெய்யும் நாட்களில், இரண்டு நாளாகியும் உள்ளே ஈரம் போகாது. முகர்ந்தால் நனைந்த ஆட்டின் மணம் வரும்.

இந்த நிலையில்தான் காலுறைப் பிரஷ் வந்து சேர்ந்தது.

அளவுகோலை எடுத்து அளந்தேன். பிடியின் உயரம் 58 மில்லிமீற்றர். அடியின் அகலம் 35. அடியிலிருந்து மெல்லச் சரிந்து மேலேறி, இடையில் 19 ஆகச் சுருங்கி, மறுபடி விரிந்து கழுத்தில் 30 ஆகிறது. குத்துவிளக்கின் தண்டைப் பார்த்திருப்பீர்கள். அடியில் பரந்து, நடுவில் ஒடுங்கி, இடையிடையே வளையம் வைத்து மேலேறும். அதே இலக்கணம். இரண்டும் கடைசலில் பிறந்த வடிவங்கள். கடைசலில் பொருள் சுற்ற, உளி உள்ளே போய் வெளியே வரும். அந்தப் போக்குவரத்துதான் இடையையும் வளையத்தையும் தருகிறது.

ஆனால் இந்த வளைவுகளை வெறும் அலங்காரம் என்று எண்ணினால் பிழை. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் அந்த 19 மில்லிமீற்றர் இடையைச் சுற்றிக்கொள்கின்றன. மேலே கழுத்து விரிவதால் கை மேலே ஏறாது. கீழே அடி விரிவதால் கை கீழே நழுவாது. இறுக்கிப் பிடிக்கவே தேவையில்லை. விரல்கள் தளர்வாக இருந்தால்தான் மணிக்கட்டு சுழலும், மணிக்கட்டு சுழன்றால்தான் நுரை எழும். கழுத்துக்குக் கீழே ஒரு சிறு பள்ள வளையம் ஓடுகிறது. முதல் நாள் அதன் பயன் விளங்கவில்லை. இரண்டாம் நாள் கண்டேன். குஞ்சத்திலிருந்து வழியும் நுரை அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது, விரல்களுக்கு இறங்கவில்லை. இதைச் செய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. சவர்க்காரம் பட்ட கை எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை பெருகுகிறது.

குஞ்சத்தின் அளவு அடுத்த சிறப்பு. அந்தக் காலத்துச் சாதாரண வீட்டுப் பிரஷ்களில் குஞ்சம் பெரும்பாலும் 18 முதல் 22 மில்லிமீற்றருக்குள் இருக்கும். இன்று 24, 26 என்பவை வழக்கமாகிவிட்டன. பழைய பிரஷ் எல்லாமே ஒல்லி என்று சொல்ல வரவில்லை. 1919இல் இலண்டனில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தின் 'சப்பி' என்ற வகை பெயருக்கேற்ற குண்டன். அதில் வைப்பது பேட்ஜர் என்னும் வளை தோண்டும் விலங்கின் மயிர். பிரெஞ்சு மொழியில் அந்த விலங்குக்கும் சவரப் பிரஷ்ஷுக்கும் ஒரே சொல், 'பிளேரோ'. அப்படிப்பட்ட பிரஷ்களுக்கு நல்ல மென்மையான தண்ணீரும் தாராளமான சவர்க்காரமும் வேண்டும். எங்கள் கிணறு அந்தத் தாராளத்தைத் தராது.

பிடி எந்தப் பொருளால் ஆனது என்று கண்டுபிடித்த நாள் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பழைய வீடுகளில் கறுத்த உருண்டைச் சுவிட்சுகள் இருக்குமே, அது பேக்கலைட். பெல்ஜியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907இல் பீனோலையும் போமல்டிகைட்டையும் சேர்த்து உருவாக்கியது. அதில் மரத்தூள் போன்ற நிரப்பிகளைச் சேர்த்து அச்சில் அழுத்துவார்கள். அதனால் ஒளி ஊடுருவாது, நிறமும் கறுப்பு, கபிலம் என்ற அளவில் நிற்கும். 1920களின் பிற்பகுதியில் அதே இரசாயனக் குடும்பத்திலிருந்து நிரப்பி இல்லாமல் வார்க்கும் பிசின் ஒன்று சந்தைக்கு வந்தது. பெயர் கெற்றலின். பளிங்கு போல, தேன் போல, எந்த நிறமும் அதில் வரும். வானொலிப் பெட்டிகள், வளையல்கள், பிரஷ் பிடிகள் என்று எத்தனையோ செய்தார்கள். என் பிடியை வெந்நீரில் நனைத்துத் துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தேன். ஆய்வுகூடத்தில் பீனோல் போத்தலைத் திறந்தால் வரும் அந்த மருந்து வாசனை மிக மெலிதாக வந்தது. ஆகவே இந்தப் பிரஷ் 1920களின் பிற்பகுதிக்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இந்தக் கணக்கு எனக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தது. பழைய சவரப் பிரஷ் வாங்க நினைக்கும் எவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சரிவரக் கிருமி நீக்கப்படாத குதிரைமயிரில், பேட்ஜர் மயிர் போலச் சாயமிட்டுச் செய்த மலிவுப் பிரஷ்களால் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் படையினருக்கும் பொதுமக்களுக்கும் அடைப்பான் நோய், அதாவது அந்த்ராக்ஸ், தொற்றியது. சவரத்தில் ஏற்படும் சிறு கீறலே கிருமிக்கு வாசலானது. 1920இல் பிரித்தானியா ஜப்பானியச் சவரப் பிரஷ்களின் இறக்குமதியையே தடைசெய்தது. என் பிடியில் கிருமி நீக்கியது என்று பொறித்திருப்பது அந்தப் பயத்தின் தழும்பு. வாங்குபவர் மனத்தைத் தேற்ற நிறுவனங்கள் பிறகும் பல காலம் அந்தச் சொல்லைப் பொறித்து வந்தன. அந்த நோயின் வித்திகள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்தாலும் சாவதில்லை. 2017இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்விதழ் இந்தப் பழைய வரலாற்றை மீண்டும் எடுத்துப் பேசி, அக்காலத்து விலங்குமயிர்ப் பிரஷ்களைப் பயன்படுத்துவோரை எச்சரித்தது. என் பிரஷ் அந்த ஆண்டுகளுக்குப் பிந்தியதுதான். இருந்தாலும் பழைய மயிரை வைத்திருக்கும் எண்ணம் எனக்கு ஒரு கணமும் வரவில்லை. கையுறை போட்டு, ஈரமாக்கி, கத்தரித்து, பொலித்தீனில் கட்டி ஆழப் புதைத்தேன். பழைய பிரஷ்ஷில் ஆசைப்பட வேண்டியது பிடியின் மேல். குஞ்சம் புதியதாக இருக்கட்டும்.

குஞ்சத்தை மாற்றிய வேலை நடந்தது பரந்தனுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு கடைசல் பட்டறையில். கட்டில் கால், பம்பரம், கதிரைக் கால் கடைகிறவர். பிடியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாஸ்டர், இதைக் கடைந்தவன் உளியை எங்கும் நிறுத்தவில்லை. ஒரே ஓட்டத்தில் இறக்கியிருக்கிறான்" என்றார். எனக்குத் தெரியாத மொழியில் ஒரு கடிதத்தை அவர் வாசித்துச் சொன்னது போல இருந்தது.

கெற்றலின் சூடு தாங்காது, வேகமாகத் துளைத்தால் வெடிக்கும். அவர் இயந்திரத்தை மிக மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் நிறுத்தி, ஈரத்துணியால் ஆற்றி ஆற்றித் துளைத்தார். முதலில் கறுத்த ரப்பர் தூளாக வந்தது. பழைய குஞ்சத்தின் அடியைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். ரப்பர் முடிந்ததும் சுருள் சுருளாக வெளிவந்தது பால் வெள்ளை. இருவரும் திகைத்து நின்றோம். வெளியே தேன் நிறம், உள்ளே யானைத் தந்தத்தின் வெள்ளை. அதாவது இந்தப் பிடி செய்யப்பட்ட நாளில் வெள்ளையாகவே இருந்திருக்கிறது. காற்றும் வெளிச்சமும் ஆண்டாண்டாகப் பட்டு மேற்தோல் மட்டும் ஒட்சியேற்றம் அடைந்து மஞ்சளாகி, பிறகு தேனாகியிருக்கிறது. எந்தச் சாயக்காரரும் தராத நிறம். ஆகவே பழைய பிடி கிடைத்தால் அரத்தாளால் தேய்த்துப் 'புதிதாக்க' நினைக்காதீர்கள். தேய்த்தால் தேன் போய்விடும்.

புதிய குஞ்சம் 20 மில்லிமீற்றர், செயற்கைத் தும்பு. மச்சான் இணையத்தில் எடுத்து அனுப்பினான். பேட்ஜர் மயிர் வேண்டாம் என்று நானே சொன்னேன். அம்மாவின் வழக்கம் என்னிடமும் ஒட்டியிருக்கிறது. துளை கொஞ்சம் ஆழமாகிவிட்டதால் அடியில் பழைய அலுமினிய ஒரு சத நாணயக் குற்றி ஒன்றை வைத்து உயர்த்தினோம். துளைக்குள் சரியாகக் குந்திக்கொண்டது. அதன் மேல் அரல்டைட் பசை. ஒருநாள் முழுவதும் காயவிட்டோம். குஞ்சம் பிடிக்கு மேலே 50 மில்லிமீற்றர் நிற்கிறது. நுனி விரியாத தாமரை மொட்டு வடிவம். பட்டறைக்காரர் வாங்கியது அறுநூறு ரூபாய். நான் ஆயிரம் கொடுத்தேன்.

இப்போது தண்ணீர். எங்கள் பகுதிக் கிணற்று நீர் பெரும்பாலும் வன்னீர். கல்சியமும் மக்னீசியமும் கரைந்த நீர். சவர்க்காரம் அதில் பட்டதும் முதலில் இந்த இரண்டோடும் சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகிறது. அந்தக் கணக்குத் தீர்ந்த பிறகு மிஞ்சும் சவர்க்காரம்தான் நுரையாகும். ஐயாவின் சிரட்டையில் முதல் அரை நிமிடம் ஒன்றும் வராததன் காரணம் இதுதான். குஞ்சம் பெரிதானால் அது உறிஞ்சும் தண்ணீர் அதிகம். தண்ணீர் அதிகமானால் அதிலுள்ள கல்சியமும் அதிகம். வீணாகும் சவர்க்காரமும் அதற்கேற்றபடி. 20 மில்லிமீற்றர்க் குஞ்சம் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு வேலையை முடிக்கிறது. ஒரே வகைச் சவர்க்காரக் குச்சி, 28 மில்லிமீற்றர்ப் பிரஷ்ஷோடு ஆறு கிழமைக்கே தேய்ந்த வேகத்தைப் பார்த்து மூன்று மாதத்துக்கு மேல் வராது என்று குறித்து வைத்திருந்தேன். சிறிய பிரஷ்ஷோடு ஐந்தரை மாதம் வந்தது. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் குச்சியைத் தராசில் வைத்துப் பார்த்து, நம்ப முடியாமல் மறுநாளும் நிறுத்தேன்.

கேத்தில் தண்ணீர் விடயமும் இதோடு சேர்ந்தது. கொதிக்கும்போது தண்ணீரின் தற்காலிக வன்மை நீங்கி, சுண்ணம் கேத்திலின் அடியில் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். மிஞ்சும் தண்ணீர் முன்னதைவிட மென்மையானது. ஐயா இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. நுரை நன்றாக வருகிறது என்று கண்டார், பின்பற்றினார். நானும் அப்படியே செய்கிறேன். கொதிநீரை மட்டும் பிரஷ்ஷில் ஊற்றாதீர்கள். பசையும் பிடியும் இரண்டும் கெடும். கை பொறுக்கும் சூடு போதும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதற்கு நிகர் வேறில்லை. கார்த்திகையில் ஒருநாள் மழைநீரில் அடித்த நுரை, சிரட்டையைக் கவிழ்த்தும் விழாமல் நின்றது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "மாமா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்" என்றாள்.

கசடு குஞ்சத்தின் அடியிலும் தங்கும். இரண்டு மூன்று கிழமையில் தும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கத் தொடங்கும். தேசிக்காய்ப் பாதி ஒன்றைப் பிழிந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் குஞ்சத்தை மட்டும் ஐந்து நிமிடம் வைத்து அலசினால் மீண்டுவிடும். வினாகிரியும் செய்யும், தேசிக்காய் மணம் நல்லது. தடித்த பிரஷ்ஷில் இந்தக் கசடு நடுவரை போய்க் கழுவுப்படாமல் இறுகிவிட்டது. அது கழன்று விழுந்ததற்குக்கூட அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

முகத்தில் எப்படி இருக்கிறது? நாடியிலும் மேலுதட்டிலும் மூக்கின் கீழேயும் இந்தச் சிறிய மொட்டு போய் உட்காரும் துல்லியம் பெரிய பிரஷ்ஷுக்கு வராது. மேலுதட்டைப் பூசும்போது மூக்குக்குள் நுரை போகாது என்பதை மீசை வைத்திருப்பவர்கள் உடனே மதிப்பார்கள். மீசையின் ஓரத்தைக் கோடு போட்டது போல விட்டுப் பூச முடிகிறது. கன்னத்தில் வட்டமாகச் சுழற்றினால் தும்பு வளைந்து கொடுக்கும், ஆனால் சாய்ந்து படுத்துவிடாது. இரண்டு முறை மழிக்க நுரை போதும். மூன்றாம் முறைக்குச் சிரட்டைக்குத் திரும்ப வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அடர்ந்த தாடியை முழுவதாக எடுப்பவருக்கு இது சிறிது. நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது இடையில் இருமுறை மறுபடி நுரை அடித்தேன். கெற்றலின் சீமெந்துத் தரையில் விழுந்தால் உடையும். கிணற்றுக் கட்டில் வைக்கவே பயம், அதனால் இது வீட்டுக்குள் அலுமாரித் தட்டில் இருக்கிறது. நேர் வெயிலில் வைத்தால் நிறம் இன்னும் கறுக்கும். செயற்கைத் தும்புக்குப் பன்றிமயிரின் அந்த முறுக்கு இல்லை. முகத்தைச் சற்று உரசி எழுப்பும் அந்த உணர்வை ஐயாவின் பிரஷ்ஷில் அனுபவித்தவன் என்ற முறையில் அது இல்லாதது தெரிகிறது. ஆனால் மாரியிலும் ஒரே இரவில் காய்ந்துவிடுகிறது. எனக்கு அது போதும். எழுத்துகள் மேலும் மங்கி, இப்போது 'ரெடி' என்ற பாதி மட்டும்தான் வாசிக்க முடிகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தப் பிடியை எல்லாரும் ரொறன்ரோவிலிருந்து தருவிக்க முடியாது, தேவையுமில்லை. வடிவம் கிடைத்துவிட்டது. பட்டறைக்காரர் அதை அளந்து முதிரை மரத்தில் ஒன்று கடைந்தார். இடை, கழுத்து, பள்ள வளையம் எல்லாம் அப்படியே. முதிரையின் மஞ்சள் மினுக்கம் தேன் நிறத்துக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் முதல் பிடி இரண்டாம் மாதத்தில் கழுத்தில் வெடித்தது. மரம் போதிய அளவு காயவில்லை, துளையின் உட்புறத்துக்கு நாங்கள் எதுவும் பூசவும் இல்லை. தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தை வீங்கவைத்துவிட்டது. "பிழை என்னுடையது மாஸ்டர், பச்சைக் கட்டையை எடுத்துவிட்டேன்" என்றார். பிழையில் பாதி என்னுடையது. மரம் தண்ணீர் குடிக்கும் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை.

இப்போது பழைய வீடு ஒன்றின் கதவு நிலையில் கழற்றிய முதிரைத் துண்டு பட்டறையில் இருக்கிறது. நாற்பது வருடமாவது காய்ந்த மரம் என்கிறார். துளைக்குள்ளும் வெளியேயும் மூன்று பூச்சு வார்னிஷ் போட்டுப் பார்க்கப் போகிறோம். இரண்டு பிடி தேறும். ஒன்று மச்சானுக்கு, மற்றது பட்டறைக்காரருக்கே. தைப்பொங்கலுக்கு முதல் நாள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கான சிரட்டையை நான் சுரண்டி வைத்துவிட்டேன்.